ஆண்டிறுதிப் பயணமும் படிக்கப்படாத காப்புறுதித் தாளும்



பள்ளி திறந்த முதல் வாரத்தில் மாணவர்களிடம் நாம் எந்தக் கட்டுரையை எழுதச் சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ‘நான் மேற்கொண்ட விடுமுறைப் பயணம்’! இருபது ஆண்டுகளாக இத்தலைப்பில் வரும் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். வெளிநாட்டுக்குச் சென்று வந்த பிள்ளையின் கட்டுரை சிறப்பாக அமையும் என்று தொடக்கத்தில் எதிர்பார்த்ததுண்டு. அவ்வாறு அமைவது அரிது. “கோயிலுக்குச் சென்றோம். கடற்கரைக்குச் சென்றோம். துணிக்கடைக்குச் சென்றோம். படம் எடுத்துக் கொண்டோம். களைப்புடன் இல்லம் திரும்பினோம்.” இவ்வளவுதான். அதே வகுப்பில், விடுமுறை முழுவதும் மோரிப் கடற்கரைக்கு அருகே பாட்டி வீட்டில் இருந்த பிள்ளை இரண்டு பக்கம் எழுதியிருப்பான்.

குறை பிள்ளையிடம் இல்லை, பயணத்தைத் திட்டமிட்ட நம்மிடமே இருக்கிறது என்பது என் கருத்து. நாம் ஓர் இடத்தைக்கூட விட்டுவிடாமல் பட்டியல் போடுகிறோம். ஆனால், ஒன்று தவறினால் என்ன செய்வது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விரண்டும் ஒரே குறையின் இரு பக்கங்கள் என்பதை நான் சொந்தப் பட்டறிவால்தான் கற்றுக் கொண்டேன். அதனைத் தங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2015 டிசம்பரில் சென்னையில்

பந்திங்கில் வாழும் நமக்கு வான்பயணம் எளிது. சிப்பாங் விமான நிலையம் ஏறத்தாழ அரை மணி நேரத் தொலைவுதான். அங்கிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரம் போதும். 2015ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நான், என் கணவர், அப்போது இரண்டாம் ஆண்டில் பயின்று கொண்டிருந்த மகன், என் மாமியார் ஆகிய நால்வரும் ஆறு நாள் பயணமாகச் சென்னைக்குப் புறப்பட்டோம். எழும்பூரில் ஓர் எளிய விடுதியில் தங்கினோம். நாளொன்றுக்கு ஐந்தாறு இடங்கள் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். மழைக்கிடையே வாடகை மகிழுந்தில் ஓடிக் கொண்டே இருந்தோம்.

டிசம்பர் 1ஆம் நாள் பெய்த மழையை நான் மறக்க மாட்டேன். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அந்த அடையாற்றின் மேல் பாலமாகச் செல்கிறது என்பது அன்றைய நிலையில் எங்களுக்குத் தெரியாது. அன்றிரவு விமான நிலையம் மூடப்பட்டது. நாங்கள் திரும்ப வேண்டிய விமானம் மறுநாள் இரவு. பயணிகள் விமானங்கள் மீண்டும் புறப்படச் சில நாள்கள் ஆயின. எங்களுக்கு இருக்கை கிடைத்ததோ 7ஆம் நாளன்று. திட்டத்தில் இல்லாத ஐந்து இரவுகள் அந்த விடுதியில் கழிந்தன.

மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. கைத்தொலைபேசிச் சேவை முடங்கியது. ஏடிஎம் இயந்திரங்கள் பணம் தரவில்லை. என் மாமியாருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. ஆறு நாளுக்கென்று எண்ணி எடுத்து வந்த மாத்திரைகள் தீர்ந்துவிட்டன. மருந்துக் கடைக்காரரிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னால் அவருக்கு விளங்கவில்லை. நம் நாட்டில் விற்கும் வணிகப் பெயர் அங்கு வேறு. மருத்துவரின் கடிதமும் எங்களிடம் இல்லை. 4ஆம் நாளன்று அவர் தலைசுற்றி விழுந்தார். முழங்காலளவு நீரில் நடந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஓர் இரவு அங்கிருந்தார். கையிலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்தது.

“காப்புறுதி எடுக்கவில்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். எடுத்திருந்தோம், எங்கள் மூவருக்கு மட்டும்! மாமியாரின் வயதுக்குக் கட்டணம் கூடுதலாக வந்ததால், “ஆறு நாள்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?” என்று அவருக்கு மட்டும் விட்டுவிட்டோம். யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே இல்லை. எங்கள் மூவருக்கு எடுத்ததும் பயன்பட்டதா என்றால், அதுவும் அரைகுறைதான். தாமதத்திற்கான இழப்பீடு கேட்டபோது, விமான நிறுவனம் எழுத்து வடிவில் தந்த உறுதிக் கடிதத்தை இணைக்கும்படி கூறினார்கள். அப்படியொரு கடிதம் வேண்டும் என்பது பத்திரத்திலேயே இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை. ஊர் திரும்பிய பின் அந்தக் கடிதத்தைப் பெறுவதற்கே மூன்று மாதங்கள் பிடித்தன.

அந்த ஐந்து நாள்களில் சென்னை மக்களின் உள்ளத்தையும் கண்டேன். இளைஞர்கள் தெருத்தெருவாகச் சோற்றுப் பொட்டலங்களைச் சுமந்து சென்றார்கள். எங்கள் விடுதி மேலாளர், “பணத்தை ஊருக்குப் போய் அனுப்பினாப் போதும்மா, இப்ப பெரியம்மாவப் பாருங்க” என்றார். விடுதிக் காவலர் தாழ்வாரத் தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்து என் மகனுக்கு ஆடு புலி ஆட்டம் கற்றுக் கொடுத்தார். சனவரியில் பள்ளி திறந்ததும் அவன் எழுதிய கட்டுரையில் நாங்கள் ஓடி ஓடிப் பார்த்த இடங்களில் ஒன்றுகூட இல்லை. அந்தக் காவலரும், ஆட்டமும், மாடியிலிருந்து பார்த்த வெள்ளமுமே இருந்தன. அவன் நகரைப் பார்த்திருக்கிறான். நானோ அந்த ஐந்து நாளும் பணப்பையைத்தான் எண்ணிக் கொண்டிருந்தேன்.

இதை ஏன் இப்போது கூறுகிறேன்?

2022ஆம் ஆண்டிலிருந்து நம் பள்ளி ஆண்டின் தொடக்கம் சில காலம் மார்ச், பிப்ரவரி என்று தள்ளிப் போயிருந்தது. 2026 முதல் அது மீண்டும் சனவரிக்கு வந்துவிட்டது. ஆகவே, நீண்ட விடுமுறையும் பழையபடி டிசம்பருக்குத் திரும்பிவிட்டது. டிசம்பர் என்றால் நம்மவர் பலருக்குத் தமிழ்நாட்டுப் பயணம் நினைவுக்கு வரும். ஆனால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது.

2015 ஏதோ ஒரு முறை நிகழ்ந்தது என்று எண்ண வேண்டா. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயலின்போது சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. 2023 டிசம்பர் 4இல் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலின்போதும் அதே நிலைதான். போக வேண்டா என்று நான் கூறவில்லை. மழைக்காலத்தில் போகிறோம் என்று அறிந்து போவோம் என்றே கூறுகிறேன்.

காப்புறுதி பற்றி என் கருத்து

காப்புறுதிக் கட்டணத்தைப் பயணச்சீட்டு விலையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். அதற்குப் பணம் போதவில்லையென்றால் பயணத்தில் ஒரு நாளைக் குறைக்கலாம். காப்புறுதியைக் குறைக்கக் கூடாது. அதே வேளையில், எடுத்துவிட்டால் மட்டும் போதாது. படிக்காத பத்திரம் இல்லாத பத்திரத்திற்குச் சமம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்தபோது, மகிழுந்துக் காப்புறுதியில் வெள்ளச் சேதத்திற்குத் தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்த்திருக்க வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் அன்றுதான் அறிந்தோம்! பயணக் காப்புறுதியும் அப்படியே. நான் தவறிக் கற்ற பாடங்களை வரிசையாகத் தருகிறேன்.

1. பயணச்சீட்டு வாங்கிய அன்றே காப்புறுதியையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பத்திரங்களில், புறப்படுமுன் பயணத்தைக் கைவிட நேர்ந்தால் கிடைக்கும் பாதுகாப்பு எடுத்த நாளிலிருந்தே தொடங்கும். புறப்படும் நாளன்று எடுப்பவர் அதை இழக்கிறார். நாட்டை விட்டுச் சென்ற பின் எடுக்கவும் இயலாது.

2. புயலுக்குப் பெயர் வைத்த பின், அல்லது எச்சரிக்கை வெளிவந்த பின் எடுத்த காப்புறுதி, அந்தப் புயலால் வரும் இழப்பை ஏற்காது. ‘முன்னரே அறிந்த நிகழ்வு’ என்று அதற்குப் பெயர். தீப்பற்றிய வீட்டுக்குக் காப்புறுதி கேட்பது போன்றது அது.

3. ‘விலக்குகள்’ என்ற பகுதியை முதலில் படியுங்கள். என்னென்ன கிடைக்கும் என்பதை விளம்பரமே சொல்லிவிடும். என்ன கிடைக்காது என்பது அங்குதான் இருக்கும். பெரும்பாலான பத்திரங்கள் முன்பிருந்தே உள்ள நோயை ஏற்பதில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு நீரிழிவோ இதய நோயோ இருந்தால் மறைக்காமல் கூறி, ஏற்பார்களா மாட்டார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு விடையைப் பெற்றுக் கொள்ளுங்கள். மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் எல்லாமே கைநழுவும்.

4. மருத்துவச் செலவுக்கான தொகையையும், நோயாளியை ஊருக்குக் கொண்டு வரும் செலவையும் பாருங்கள். காணாமற்போன பெட்டிக்கு எவ்வளவு என்பதைத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். பெட்டி போனால் துணி போகும். நோய் வந்தால் சேமிப்பே போகும்.

5. தாமதத்திற்கான தொகையைப் பெரும்பாலும் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை என்று கணக்கிடுவார்கள். அதைப் பெற விமான நிறுவனத்தின் கடிதம் வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் கேட்டு வாங்குங்கள். பொருள் களவு போனால் காவல் துறையில் உடனே புகார் செய்து நகல் பெறுங்கள். மருத்துவச் சீட்டு, விடுதி இரசீது என எந்தத் தாளையும் எறியாதீர்கள்.

6. மருந்துகளைப் பயண நாள்களைப் போல் இரு மடங்கு எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் மூலப்பெயர் குறிப்பிடப்பட்ட மருத்துவர் கடிதம் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

7. புறப்படுமுன் வெளியுறவு அமைச்சின் இ-கொன்சுலார் தளத்தில் பயண விவரத்தைப் பதிவு செய்யுங்கள். சென்னையில் நம் நாட்டுத் துணைத் தூதரகம் உள்ளது. தமிழ்நாட்டில் அவசர மருத்துவ ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம். இவற்றைக் கடப்பிதழின் நகலோடு தாளில் எழுதி வையுங்கள். மின்சாரம் இல்லாத ஊரில் கைத்தொலைபேசி உதவாது.

விமான நிறுவனத்தின் கடமையும் ஒன்றுண்டு. மலேசிய வான்போக்குவரத்துப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016இல் நடப்புக்கு வந்தது. இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு தர வேண்டும் என்றும், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி இரவு தங்க நேர்ந்தால் விடுதி வசதி தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. 2024 செப்டம்பர் முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணி பணத்தைத் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. காப்புறுதி நிறுவனத்தின் முடிவு நியாயமற்றது என்று கருதினால், முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்து வடிவில் முறையிடுங்கள். அப்போதும் தீராவிட்டால், 2025 சனவரி முதல் இயங்கி வரும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையை நாடலாம். பயனீட்டாளரிடம் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை.

நம்மவர் கூறும் மறுப்புகள்

“புறப்படும் முன் நோய், விபத்து என்று பேசுவது நல்ல சகுனமா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். என் மாமியாரே கேட்டவர்தான். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைத்து வண்டியை எடுக்கிறோமே, அது எதற்கு? தீங்கு வரக்கூடும் என்று அறிந்துதானே? வேண்டுதலும் முன்னேற்பாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வருமுன் காப்பது பற்றி வள்ளுவர் கூறியதை வகுப்பில் மனப்பாடம் செய்ய வைக்கும் நாம், வீட்டில் அதைச் சகுனக் கேடு என்பது முறையா?

“கடன் அட்டையிலேயே இலவசக் காப்புறுதி இருக்கிறதே” என்பார் சிலர். இருக்கலாம். ஆனால், பயணச்சீட்டின் முழுத் தொகையையும் அதே அட்டையில் செலுத்தியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பல அட்டைகளில் அது விபத்துக்கு மட்டுமே உரியது, காய்ச்சலுக்கு உதவாது. அதையும் படித்துப் பார்த்தே நம்ப வேண்டும்.

“ஒன்றும் நடக்காவிட்டால் பணம் வீண்தானே?” என்பது மூன்றாவது மறுப்பு. வீண்தான், அப்படி வீணாகப் போகட்டும் என்றே நான் விரும்புகிறேன். அந்தப் பணத்துக்கு நான் பெறுவது மன அமைதி. மன அமைதி இல்லாதவருக்கு எந்த நகரமும் அழகாகத் தோன்றாது.

நகரைச் சுவைப்பது எப்படி?

2019 டிசம்பரில் அதே நால்வரும் மீண்டும் சென்னைக்குச் சென்றோம். இம்முறை நால்வருக்கும் காப்புறுதி, பயணச்சீட்டு வாங்கிய அன்றே. மாமியாரின் நீரிழிவை ஏற்க முடியாது, மற்ற நோய்க்கும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று எழுத்து வடிவில் விடை வந்தது. ஆகவே, நீரிழிவுக்கென்று ஒரு தொகையைத் தனி உறையில் போட்டு வைத்தோம். இடங்களின் பட்டியலையும் கிழித்தெறிந்தேன். நாளுக்கு ஓர் இடம். மாலை வேளை ஓய்வு. கடைசி நாள் வெறும் நாள். விமானம் தாமதமானால் அந்த நாள் தாங்கிக் கொள்ளும். தாமதமாகாவிட்டால் அது நமக்குப் பரிசு.

முதல் நாள் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் திறப்பதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்து சென்றோம். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் மட்டும் இரண்டு மணி நேரம் இருந்தோம். திருவாலங்காட்டு நடராசர் முன் தரையில் அமர்ந்து மகன் படம் வரைந்தான். மற்றக் கூடங்கள் பலவற்றைப் பார்க்கவில்லை. எனக்கு அது பற்றி வருத்தமும் இல்லை.

மறுநாள் காலை வெயிலேறும் முன் மெரினா. அங்குள்ள சிலைகளுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. இரண்டாம் மாநாடு 1968 சனவரியில் சென்னையில் நடந்தபோது அச்சிலைகள் நிறுவப்பட்டன. திருவள்ளுவர், ஔவையார், இளங்கோவடிகள், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வீரமாமுனிவர், கால்டுவெல், போப் என நம் பாடநூலில் வரும் பெயர்கள் கடற்காற்றில் நிற்கின்றன. ஒவ்வொரு சிலையின் அடியிலும் நின்று, அவர் என்ன செய்தார் என்று மகன் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் நான் சொல்ல வேண்டும். எனக்கே இரண்டு இடங்களில் தடுமாற்றம்!

மூன்றாம் நாள் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம். சிறுவர் பகுதியில் மகனை விட்டுவிட்டு நானும் படித்துக் கொண்டிருந்தேன். வெள்ளத்தில் தவித்த அடையாற்றங்கரைப் பகுதிதான் அது. வெளியே வந்து பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தோம். என் மாமியார் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, “இவ்வளவு சின்ன ஆறா அன்றைக்கு அப்படி ஓடியது?” என்றார்.

வெறும் நாளன்று பழைய விடுதிக்குச் சென்று மேலாளரைக் கண்டோம். அவருக்குச் சேர வேண்டிய பணத்தை 2016லேயே அனுப்பியிருந்தோம். நன்றியை நேரில் கூற வேண்டும் என்பதே மாமியாரின் விருப்பம். காவலர் பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குச் சென்றுவிட்டாராம். மகன் அவர் கட்டம் வரைந்த இடத்தில் சற்று நேரம் அமர்ந்திருந்தான். அம்முறை காப்புறுதிப் பத்திரத்தைக் கைப்பையிலிருந்து எடுக்கவே தேவை ஏற்படவில்லை.

ஆண்டிறுதிப் பயணத்திற்கு ஆயத்தமாகும் பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இது. இன்றிரவே காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, விலக்குகள் பகுதியைக் குடும்பத்தோடு ஒரு முறை படியுங்கள். பிறகு, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எடுத்து அதில் பாதியை அடித்துவிடுங்கள். ஆசிரிய நண்பர்களே, அடுத்த சனவரியில் நாம் திருத்தப் போகும் கட்டுரைகளில் ‘சென்றோம், பார்த்தோம்’ என்பதற்கு மேல் ஓரிரு வரிகளாவது கூடுதலாக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

பயணம் இனிதே அமைக!